பின்வரிசையில் பதினோராவது இடம்

சிவசாமி அன்றைக்கும் அந்த இடத்தில் போய் நிற்கவில்லை.

"அபௌட் டர்ன்!" என்றதும் இருபத்துமூன்று பையன்களும் ஒரே உதறலில் திரும்பிவிட்டார்கள். திரும்பியவுடன் சிவசாமி மட்டும் இரண்டு எட்டு முன்னால் வைக்க வேண்டும். சாரணர் படையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற சங்கதி அது. இரண்டு வரிசையாக நிற்கும்போது ஆள் ஒற்றைப்படையாக இருந்தால், பின்வரிசையில் இடது கோடிக்கு முந்தின இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். படை திரும்பினால் பின்வரிசை முன்வரிசையாகிவிடும். விழுந்த பல் மாதிரி அந்த ஓட்டை வெளியே தெரியும். அதனால் அந்த இடத்தோடு ஜோடி சேர்ந்து நிற்கிறவன் ஏறி அதை அடைத்துக்கொள்ள வேண்டும்.

சிவசாமி முதல் எட்டு வைத்தான். இரண்டாவது எட்டுக்குத் தூக்கிய காலை, யார் காலையோ மிதிக்கப் போனவன் மாதிரி, வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என்னடா சிவசாமி, பாண்டி ஆடுறியா?" என்றான் அருள்சாமி.

வரிசைக்குள் சிரிப்பு ஓடியது. சிவசாமி சிரிக்கவில்லை.

அருள்சாமிதான் படைக்கு லீடர். ஆவூர் மாதா கோயில் உபதேசியாருடைய மகன். பத்தொன்பது வயது. படிப்பு முடிந்துவிட்டது. வேலை கிடைக்கிறவரைக்கும் திருக்கோகர்ணத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, சாயங்காலம் சாயங்காலம் பையன்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் குரல் உயர்ந்தால் மைதானத்துப் புளியமரத்தில் காக்கை கூட வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். மகாராஜா பிறந்தநாள் அணிவகுப்புக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. அதில் படையை நடத்திப்போகப் போகிறவன் அவன்.

டிரில் கலைந்த பிறகு சிவசாமியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"என்னடா ஒனக்கு? மூணு நாளா பாக்குறேன்."

"அங்க எடமில்லண்ணே."

"காலி எடம்டா அது."

"காலி எடந்தாண்ணே. ஆனா எடமில்ல."

அருள்சாமி அவனையே பார்த்தான். பதினைந்து வயசுப் பையன். பொய் சொல்கிற முகமில்லை.

"நேரா நிக்கிறப்ப பின்னாடி மூச்சு விடுற சத்தம் கேக்குதுண்ணே. அப்பறம் ஒரு வாசம். மழை பேஞ்ச பாறையில வருமே, அந்த வாசம்."

ஆனி மாதம். மழை பெய்து நாலு மாதமாகிறது.    சிவசாமி தன் தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெயில் இறங்கியிருந்தாலும் வெளிச்சம் நிறைய இருந்தது. புழுதி அடங்குவதற்காக டிரிலுக்கு முன்னால் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். பையன்கள் எல்லாரும் வெறுங்கால்தான். ஈரச் செம்மண்ணில் அவர்கள் கடைசியாக நின்ற தடம் அச்செடுத்தது போலக் கிடந்தது. அருள்சாமி குனிந்து எண்ணினான். முன்வரிசையில் பன்னிரண்டு ஜோடி. பின்வரிசையில் பதினொன்று இருக்க வேண்டும்.

பன்னிரண்டு இருந்தது.

மறுபடி எண்ணினான். இடது கோடிக்கு முந்தின இடத்தில் இரண்டு பாதம். சிறு பாதம். அட்டென்ஷனில் குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். இதில் ஒட்டவில்லை. நடுவே இரண்டு விரல் இடைவெளி.

அந்த இடைவெளி அவனுக்குத் தெரிந்த இடைவெளி. எத்தனையோ நாள் அந்தக் குதிகாலைத் தடியால் தட்டித் தட்டிச் சேர்த்து வைத்திருக்கிறான். "ஒட்டுடா. குதிகால ஒட்டு. ஒனக்கு ரெண்டு காலுக்கும் என்னடா பங்காளிச் சண்டையா?" என்று கேட்டால், அந்தப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் சிரிப்பான். அட்டென்ஷனில் சிரிக்கக் கூடாது என்று அதற்கும் ஓர் அடி வாங்குவான்.

அருள்சாமி காலால் அந்தத் தடத்தை அழித்தான். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

அழகுமலை என்பது அந்தப் பையனின் பெயர். கறம்பக்குடிப் பக்கத்துக்காரன். பதினாலு வயது. படிப்பதற்காகத் திருக்கோகர்ணத்தில் மாமன் வீட்டில் இருந்தான். அவன் நிற்கிற இடம்தான் பின்வரிசையில் பதினோராவது இடம், சிவசாமிக்குப் பின்னால். அப்போது படையில் சரியாக இருபத்துநாலு பேர். காலி இடம் என்பதே கிடையாது.

போன ஐப்பசியில் படை முழுவதும் செவிட்டுப்பாறைக்கு நடைப்பயணம் போனது. ஊரிலிருந்து ஏழு மைல். பொட்டலில் தனியாக எழுந்து நிற்கிற ஒற்றைக்கல் குன்று அது. கிழக்கே நின்று கத்தினால் மேற்கே நிற்கிறவனுக்குக் கேட்காது. பாறை குரலைக் குடித்துவிடும் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொல்வார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒளிந்து தேடும் பயிற்சி. போகிற வழியில் மூன்று மூன்று கல்லாக அம்புக்குறி வைத்துக்கொண்டே போய் ஒளிய வேண்டும். தேடுகிறவன் அம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அழகுமலைக்கு ஒளிந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. தலையை நீட்டிச் சிரித்து எப்போதும் காரியத்தைக் கெடுப்பான். அதனால் அருள்சாமி அன்றைக்கு அவன் காதைப் பிடித்துச் சொன்னான்: "நான் வந்து பேரச் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் அசையப்படாது. ராவாயிட்டாலும் சரி. கட்டளைன்னா கட்டளை."

"சரிங்க லீடர்" என்று சல்யூட் அடித்துவிட்டு அவன் மேற்குப் பக்கமாக ஓடினான்.

அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை. பாறை மேலிருந்து செந்தண்ணீர் அருவியாகக் கொட்டியது. ஸ்கௌட் மாஸ்டர் ரெங்கராஜ் சார் விசிலை ஊதி, கிளம்பு கிளம்பு என்று அவசரப்படுத்தினார். ஓடை பெருகினால் ஊருக்குத் திரும்ப முடியாது. பையன்கள் சாமான் வண்டியில் வந்திருந்த சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அருள்சாமி "நம்பர்!" என்றான்.

வரிசை எண்ணுவதில் ஒரு வழக்கம் உண்டு. முன்வரிசை மட்டும்தான் வாய்விட்டு எண்ணும். பின்வரிசை பேசாது. முன்வரிசையில் கடைசி ஆள் சொல்கிற எண்ணை இரட்டிப்பாக்கி, காலி இடம் இருந்தால் அதில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்க்க லீடர் இடது கோடிக்கு நடந்துபோய்ப் பின்வரிசையை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்ப்பான்.

ஒன், டூ, த்ரீ என்று ஓடி "ட்வெல்வ்!" என்று முடிந்தது.

கோடி வரைக்கும் பன்னிரண்டு எட்டு. மழை முகத்தில் அறைந்தது. அருள்சாமி நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பி சல்யூட் அடித்தான்.

"இருபத்துநாலு பேரும் ஆஜர், சார்!"

கோயில் முக்கில் படை கலைந்து அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அழகுமலையின் மாமன், தனியாள், ஒரு காரியமாகப் பொன்னமராவதி போயிருந்தார். பையன் இல்லை என்பது மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

ரெங்கராஜ் சார் கேட்டார். "பாறையில கெளம்புறப்ப நின்னானா?"

"நின்னான் சார். எண்ணிக்கை சரியா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான், நடக்காமல் விட்ட அந்தப் பன்னிரண்டு எட்டு அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மற்றப் பையன்களைக் கேட்டதில், மழையில் சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு யார் இருந்தார், யார் இல்லை என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் கால்வலி என்று வண்டியில் ஏறியிருப்பான் என்றுகூட ஒருத்தன் நினைத்திருந்தான். கடைசியில் லீடர் சொன்னதுதான் நின்றது. ஊருக்குள் வந்த பிறகு பையன் எங்கோ ஓடிப்போய்விட்டான் என்று ஆயிற்று. யுத்த காலம். திருச்சிராப்பள்ளியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், வயசைக் கூட்டிச் சொன்னால் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு. பட்டாளத்துக்குத்தான் போயிருப்பான் என்று முடிவு கட்டினார்கள்.

அன்றைக்கே அருள்சாமி ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு தனியாகச் செவிட்டுப்பாறைக்குப் போனான். சாலையோரம், கிழக்குப் பக்கம் நின்று, "அழகுமலை" என்று கூப்பிட்டான். மூன்று தடவை கூப்பிட்டான். பாறை பேசாமல் நின்றது. மேற்கே சுற்றிப் போகவில்லை. அங்கே ஒருவேளை இருந்தால் என்ன நிலையில் இருப்பான் என்ற நினைப்பு காலைக் கட்டிவிட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை, ஆகவே அவன் இங்கே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான். ஒரு பக்கம் கூப்பிட்டால் மறுபக்கம் கேட்காது என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

எட்டு மாதமாகிறது. அவன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. பாஸ்காத் திருநாளுக்கு ஆவூருக்குப் போனபோது, பூசையில் அப்பமாகக் கொடுக்கும் நன்மையை வாங்காமல் கோயில் தூணுக்குப் பின்னால் நின்றான். அவன் அம்மா ஜெபமாலையம்மாள் பார்த்தாள். "ஒடம்புக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றான். அவள் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

காலடித்தடம் மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. தினமும் கடைசி ஆளாக நின்று அவன் அதை அழித்தான்.

புதன்கிழமை சாயங்காலம், டிரில் தொடங்குவதற்கு முன்னால், மைதானத்துப் புளியமரத்தடியில் அழகுமலையின் தாயார் மீனம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை கறம்பக்குடியிலிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வந்து, "கடுதாசி ஏதும் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவள்தான். அன்றைக்கு ஒரு மூட்டையோடு வந்திருந்தாள்.

"வாங்க ஆத்தா."

"வாரேன் தம்பி. நாளைக்கித் திருச்சிக்குப் போறேன். அங்கயிருந்து எங்கிட்டுப் போகச் சொன்னாலும் போறதா இருக்கேன். ஆட்டையெல்லாம் வித்துப்புட்டேன்."

அருள்சாமி மூட்டையைப் பார்த்தான்.

"பட்டாளத்து ஆபீசுல வெறுங்கையோட போனா வெரட்டி விட்டுருவாங்களாம். அவன் ஊருக்குத் திரும்பி வந்ததுக்கு அத்தாட்சி கேப்பாங்களாம். நீதான தம்பி அவன் வரிசையில நின்னதப் பாத்தவன். ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு." அவள் மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தாள். "நின்னான்ல?"

"நின்னான் ஆத்தா."

சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த வாசம் வந்தது. மழை பெய்த பாறையின் வாசம். முதுகுக்குப் பின்னால், மிக அருகே, யாரோ சிரிப்பை அடக்கி மூக்கால் விட்ட மூச்சு.

அவன் திரும்பவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மீனம்மாள் அவனைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. அவள் தாளைத்தான் நீட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அப்போது புரிந்தது. பையன் வரிசையை விட்டுப் போகாமல் நிற்பதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. நின்றான், நின்றான் என்று லீடர் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கட்டளை என்றால் கட்டளை. அதனால் நிற்கிறான்.

தாளை முழங்காலில் வைத்து 'அழகுமலை என்பவன்' என்று எழுதினான். அதற்கு மேல் பென்சில் ஓடவில்லை.

"அருள்சாமி! நேரமாகுது, ஃபால் இன் சொல்லு!" ரெங்கராஜ் சார் மைதானத்து நடுவிலிருந்து கத்தினார்.

"டிரில் முடிச்சு எழுதித் தாரேன் ஆத்தா."

"நல்லா எழுதுப்பா. நீ எழுதுறதுதான் எனக்குக் கண்ணு" என்றாள் அவள்.

படை இரண்டு வரிசையில் நின்றது. "நம்பர்!" என்றான். ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிந்தது. சிவசாமி "லெவன்" என்றபோது குரல் நடுங்கியது. அருள்சாமி நின்ற இடத்திலேயே திரும்பவில்லை. இடது கோடி வரைக்கும் நடந்தான். பன்னிரண்டு எட்டு. கோடியில் நின்று பின்வரிசையைப் பார்த்தான். பதினோராவது இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் தரையில், ஈர மண்ணில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து விரலும் ஒரு குதிகாலும் மெதுவாக அழுந்தின. பிறகு இன்னொரு பாதம். இரண்டு விரல் இடைவெளி விட்டு.

திரும்பி நடந்து வந்து சல்யூட் அடித்தான்.

"படையில இருபத்துநாலு பேர், சார். இருபத்துமூணு பேர் ஆஜர்."

ரெங்கராஜ் சார் புருவத்தைச் சுருக்கினார். "என்னடா கணக்கு இது? நம்ம படையே இருபத்துமூணு பேர்தானே?"

"ஒரு ஆளச் செவிட்டுப்பாறையில விட்டுட்டு வந்துட்டோம் சார். கெளம்புறப்ப நான் பின்வரிசையப் பாக்கல. பாக்காமயே சொல்லிட்டேன். அவன் நிக்கல சார். மேக்கால ஒளிஞ்சிருக்கான். நான் கூப்பிடுற வரைக்கும் அசையாதேன்னு சொன்னது நாந்தான்."

ஒருத்தரும் அசையவில்லை. அட்டென்ஷனில் நிற்கிறவர்கள் அசையக் கூடாது. புளியமரத்தடியில் மீனம்மாள் எழுந்து நிற்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போனார்கள். ரெங்கராஜ் சார், போலீஸ்காரர் ஒருத்தர், மண்வெட்டியோடு நாலு ஆட்கள், அழகுமலையின் மாமன், மீனம்மாள். அருள்சாமி முன்னால் நடந்தான். மேற்குப் பக்கம் மேய்ச்சல் கிடையாது, ஆடுமாடு அந்தப் பக்கம் வருவதில்லை. பாறைத் தாழ்வாரத்தின் அடியில், மழை படாத இடத்தில், மூன்று கல் அம்புக்குறியாகக் கிடந்தது. யாரோ சற்று முன் வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. அதற்கப்புறம் ஒன்று. அம்புகள் ஒரு சாய்ந்த பலகைக்கல்லின் அடிக்குப் போய் நின்றன. அங்கே பொந்தின் வாய் இருந்த இடத்தில், மேலேயிருந்து மழை இழுத்து வந்த கல்லும் செம்மண்ணும் அடைத்து இறுகிக் கிடந்தன. மண்ணுக்கு வெளியே ஒரு தடியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் வெளுத்துப்போன கழுத்துத் துணி ஒன்று முடிந்திருந்தது.

மண்வெட்டியை ஓங்கிய ஆளை அருள்சாமி கையால் தடுத்தான். குனிந்து, கல்லுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரே ஒரு தடவை. சத்தமாகக்கூட இல்லை.

பிறகு தோண்டினார்கள். உள்ளே அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி இருந்தான். குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன.

மீனம்மாள் அழவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அருள்சாமியிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்து நின்றான்.

"எட்டு மாசமா எம்மவன் பட்டாளத்துல இருந்தான் தம்பி" என்றாள். "இன்னைக்கித்தான் செத்தான்."

அதற்கு மேல் அவனிடம் அவள் எதுவும் பேசவில்லை. பிறகு எந்தக் காலத்திலும் பேசவில்லை.

போலீசில் அவன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். விபத்து என்று முடித்தார்கள். மகாராஜா பிறந்தநாள் அணிவகுப்புக்குச் சிவசாமியின் பக்கத்தில் நிற்கும் முத்துராமனை லீடர் ஆக்கினார் ரெங்கராஜ் சார். அருள்சாமியிடம், "நீ இனிமே இங்க வரவேண்டியதில்ல" என்றார்.

"வரிசையில நிக்கிறேன் சார். ஆள் கொறையுது."

அவர் வரிசையைப் பார்த்தார். முத்துராமன் லீடராக வெளியே போனதில் முன்வரிசையில் விழுந்த இடத்துக்குப் பின்வரிசைக் கோடியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, வரிசையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்கள். "எங்க நிப்ப?" என்றார் கடைசியில்.

"சிவசாமிக்குப் பின்னாடி."

அன்றைக்கும் தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அருள்சாமி போய்ப் பதினோராவது இடத்தில் நின்றான். குதிகாலை ஒட்டினான். சிவசாமியின் பிடரியும், அவன் சட்டைக் காலரில் ஒரு தையலும்தான் தெரிந்தன. முத்துராமன் புதுக் குரலில் "நம்பர்!" என்றான். முன்வரிசை எண்ணியது. அருள்சாமியின் உதடு தானாக அசைந்தது. சத்தம் வரவில்லை. வரக் கூடாது. பின்வரிசைக்கு எண் கிடையாது. மூன்று வருஷம் எண்ணச் சொன்னவனுக்கு அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

எண்ணி முடித்ததும் முத்துராமன் இடது கோடி வரைக்கும் நடந்து வந்தான். பின்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அருள்சாமியின் முகத்திலும் கண் நின்று, நகர்ந்தது.

"அபௌட் டர்ன்!"

எல்லாரும் திரும்பினார்கள்.

டிரில் கலைந்த பிறகு சிவசாமி போகாமல் நின்றான். "இப்ப வாசம் வரலண்ணே" என்றான். "மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. ஆனா அது ஒங்க மூச்சு."

"ம்" என்றான் அருள்சாமி.

அவன் போனதும் குனிந்து தரையைப் பார்த்தான். பதினோராவது இடத்தில் ஒரு ஜோடித் தடம் இருந்தது. பெரிய பாதம். ஒட்டிய குதிகால். தன்னுடையது. பக்கத்தில் எங்காவது சிறு பாதம் ஒன்று அழுந்தியிருக்கிறதா என்று வெளிச்சம் போகிறவரைக்கும் தேடிக்கொண்டிருந்தான். இல்லை.